சாப்டாச்சான்னு கேட்க நாலு பேர் வேணும்!



'நாலு பொம்பளைங்க ஒண்ணு சேர்ந்தா வெட்டிப் பேச்சு தான். கையில போனையும் குடுத்துட்டா கேக்கவே வேணாம்' என்று நம் வீட்டு ஆண்கள் கேலி பேசுவது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. குழாயடியில் நின்று பேசினாலும் சொன்னார்கள். திண்ணையில் உட்கார்ந்து பேசினாலும் சொன்னார்கள். இப்போது வாட்ஸ்ஆப்பில் பேசினாலும் சொல்கிறார்கள். அந்த, 'வெட்டிப் பேச்சு'க்குள் என்ன தான் இருக்கிறது என்று, எங்கள் விழுப்புரம் - திண்டிவனம் தோழிகள் சார்பில் சொல்லலாம் என்று தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்!

ரயிலில் பிடித்த சிநேகம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ரயிலில், 37 கி.மீ., தான். நடுவில் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நாலு ஸ்டேஷன். காலை பாசஞ்சரில் ஏறினால், ஒருத்தி தலை பின்னி முடிப்பதற்குள், இன்னொருத்தி பூ கட்டி முடிப்பதற்குள் ஊர் வந்து விடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் சேர்ந்தவர்கள் தான் நாங்கள் பதினாலு பேர்.

திண்டிவனத்தில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாக இருக்கிறேன் நான். பள்ளிக்கூட டீச்சர், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸ் சிஸ்டர், ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ளாக இருந்த சின்னப் பெண், அங்கன்வாடி அக்கா, தையல் கடை வைத்திருப்பவர், பூக்கார அக்கா... இப்படிக் கலந்து கட்டின கூட்டம். ஜாதி வேறு, மதம் வேறு, சம்பளம் வேறு. ரயில் லேட்டானால் திட்டுவதில் மட்டும் எல்லாரும் ஒன்று!

கடந்த 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, ரயில்கள் எல்லாம் நின்று போயின. தினம் பார்த்த முகங்களை, திடீரென்று பார்க்க முடியவில்லை. வீட்டில் எல்லாரும் இருந்தும், மனசு விட்டுப் பேச ஆளில்லாத மாதிரி இருந்தது. அப்போது தான் டீச்சர், எங்களை ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் சேர்த்தார். குழுவுக்கு என்ன பெயர் வைப்பது என்று ஒரு வாரம் சண்டை. ஒத்துப் போகாமல், கடைசியில் ரயில் படத்தை மட்டும் போட்டு விட்டோம். இன்று வரை அதே தான்.

பூக்கார அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 'எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்?' என்று ஒதுங்கப் பார்த்தார். அவர் மகன், மைக் படத்தை அமுக்கிப் பேசக் கற்றுக் கொடுத்தான். அவ்வளவு தான்... இப்போது எங்கள் குழுவிலேயே அதிகம் பேசுவது அவர் தான். விடியற்காலை பூ வாங்கப் போகும் போதே, 'எம்மா, இன்னிக்கு மல்லி வெலைய கேட்டா மயக்கமே வரும், யாரும் கேக்காதீங்க' என்று அவர் குரல் வந்து விடும். அவருக்காகவே, நாங்களும் முக்கியமான விஷயத்தை எழுதாமல் பேசியே அனுப்புவோம்.

என்ன தான் பேசுவோம்?

சத்தியமாகப் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. 'எழுந்தாச்சா?' 'இன்னா கொழம்பு?' 'கரன்ட் போச்சு, உங்க தெருவுல இருக்கா?' 'பால் திரிஞ்சு போச்சு, என்ன பண்ணலாம்?' 'பையன் கணக்குல முப்பத்தாறு மார்க். அவங்கப்பாகிட்ட எப்படிச் சொல்றது?' இவ்வளவு தான்.

மதியம், 'சாப்டாச்சா?' என்று ஒருத்தி கேட்பாள். பதினாலு பேரும் பதில் போட வேண்டும் என்று சட்டமில்லை. ஆனாலும், போட்டு விடுவோம். யார் போடவில்லை என்பது தெரிந்து விடும். வீட்டில் எல்லாருக்கும் பரிமாறி விட்டு, பாத்திரத்தில் மிச்சமிருப்பதைத் தின்று எழுந்திருக்கும் நம்மை, 'சாப்டியா?' என்று கேட்க வீட்டில் எத்தனை பேருக்குத் தோன்றுகிறது... நீங்களே சொல்லுங்கள்.

இந்தச் சில்லறைப் பேச்சால் தான், ஒருத்தியின் வீடு எப்படி ஓடுகிறது என்பது இன்னொருத்திக்குத் தெரிகிறது. யாருக்கு எந்த நேரத்தில் வேலை, யார் வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரை, யார் புருஷன் சம்பள நாளில் தள்ளாடி வருவார் என்பதெல்லாம், யாரும் துருவிக் கேட்காமலே தெரிந்து போகிறது. கஷ்டம் வரும் போது, முதலில் இருந்து கதை சொல்ல வேண்டியதில்லை. 'அக்கா...' என்று ஆரம்பித்தாலே போதும்.

மூன்று நாள் பேச்சில்லை

ஜவுளிக்கடைப் பெண்ணுக்குத் தலைப்பிரசவம். அம்மா வீடு, மயிலம் பக்கம் ஒரு கிராமம். பிள்ளை பிறந்ததும் தினம் ஒரு படம் போடுவாள். காது யார் மாதிரி, மூக்கு யார் மாதிரி என்று நாங்கள் பட்டிமன்றமே நடத்துவோம். ஒரு மாதம் கழித்துப் படம் வருவது நின்றது. 'சாப்டாச்சா?' வுக்கும் பதில் இல்லை. பிள்ளைத்தாய்ச்சி வீடு, வேலை இருக்கும் என்று முதல் நாள் விட்டோம். மூன்றாம் நாள், நர்ஸ் சிஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. திண்டிவனத்து அங்கன்வாடி அக்காவைக் கூட்டிக் கொண்டு, நேரில் போய் விட்டார்.

இவர்களைப் பார்த்ததும், 'பிள்ளை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரல க்கா. அத தூக்கவே பயமா இருக்கு. நான் ஏதாவது பண்ணிடுவேனோன்னு இருக்கு' என்று அழுதிருக்கிறாள் அவள். அவள் அம்மாவோ, 'காத்து கருப்பு பட்டிருக்கு. மந்திரிக்கக் கூட்டிப் போகணும்' என்று சொல்லியிருக்கிறார்.

'மந்திரிக்கறத நாங்க வேணாம்னு சொல்லல பெரியம்மா... டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டிடுவோம்' என்று தன்மையாகப் பேசி, மறுநாளே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார் சிஸ்டர்.

அன்று சிஸ்டர் குழுவில் விளக்கியதை, உங்களுக்கும் சொல்லி விடுகிறேன். பிரசவமான சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது, எரிச்சல் வருவது நிறையப் பேருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானாகக் குறைந்து விடும். இரண்டு வாரம் தாண்டியும் போகாமல், பிள்ளை தூங்கும் போதும் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அது மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். தனக்கோ, பிள்ளைக்கோ தீங்கு செய்து விடுவோம் என்ற எண்ணம் வந்தால், ஒரு நாள் கூடத் தள்ளிப் போடக் கூடாது. இது திமிரும் இல்லை, பேயும் இல்லை. உடம்பிலும், வாழ்க்கையிலும் ஒரே நேரத்தில் வரும் பெரிய மாற்றங்களோடு சேர்ந்து வரும் நோய். வைத்தியத்தில் சரியாகி விடும்.

சில மாதங்களில் அவள் தேறி விட்டாள். இப்போது அந்த வாண்டு, எங்கள் குழுவில் மழலைக் குரலில், 'பூ அக்கா' என்று கூப்பிடுகிறது. தினமும் பேசிக் கொண்டிருந்ததால் தான் மூன்று நாள் மௌனம் எங்களை உறுத்தியது. மாதத்துக்கு ஒரு முறை, 'நலம், நலமறிய ஆவல்' என்று இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

அவமானப்படுத்தப் பார்த்தவர்கள்

இன்னொரு தோழி, 2023-ல் மகளின் பள்ளிச் செலவுக்காக, போனில் வந்த ஒரு கடன் செயலியில், ஐயாயிரம் ரூபாய் வாங்கி விட்டாள். ஒரே வாரத்தில் இரண்டு மடங்காகக் கட்டச் சொன்னார்கள். கட்டிய பிறகும் விடவில்லை. அவள் போனில் இருந்த படத்தை எடுத்து, வேறு உடம்போடு ஒட்டி, அவள் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் அனுப்பி விட்டார்கள். எங்களுக்கும் வந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் ஒரு குடும்பப் பெண்ணுக்கு என்ன தோன்றும்? அவளுக்கும் அது தான் தோன்றியிருக்கிறது.

பூக்கார அக்கா தான், முதலில் பேசி அனுப்பினார்: 'அடியே, அது நீ இல்லன்னு எங்களுக்குத் தெரியும். எவனோ ஒரு கம்னாட்டி பண்ண வேலைக்கு, நீ ஏன் தல குனியற? போன எடு. எடுக்கலன்னா இப்பவே ஆட்டோ புடிச்சி வூட்டுக்கு வரேன்.'

ஒருத்தர் மாற்றி ஒருத்தர், அன்று ராத்திரி முழுக்க அவளோடு பேசிக் கொண்டே இருந்தோம். டீச்சர் மட்டும் அந்தப் படத்தையும், வந்த எண்ணையும் புகாருக்காகப் பத்திரமாக வைத்துக் கொண்டார். மற்றவர்கள் அழித்து விட்டோம். சைபர் குற்ற உதவி எண், 1930-க்குப் போன் போட்டு, போலீசிலும் புகார் கொடுத்தாள். அவள் கணவரிடம், டீச்சரும் அவர் வீட்டுக்காரருமாகப் போய்ப் பக்குவமாக எடுத்துச் சொன்னார்கள்.

ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, கடன் கொடுக்கும் செயலிகள் நம் போனில் உள்ள படங்களையோ, தொடர்பு எண்களையோ எடுக்கக் கூடாது. செயலியைப் போனில் ஏற்றும் போது, அதையெல்லாம் பார்க்க அனுமதி கேட்டால், அந்தக் கடனே வேண்டாம் என்று வைத்து விடுங்கள்.

அந்தக் கயவர்களின் ஆயுதமே, 'நாலு பேர் என்ன நினைப்பாங்க?' என்ற பயம் தான். அந்த நாலு பேரே, 'நாங்க ஒண்ணும் நினைக்கல. உன் பக்கம் தான் இருக்கோம்' என்று சொல்லி விட்டதும், அவளுக்குப் பாதி பயம் போய் விட்டது.

பெஞ்சல் புயல் நேரத்தில்...

கடந்த 2024 நவம்பர், 30-ம் தேதி ராத்திரி, பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்ததும் போய் விடவில்லை. மணிக்கணக்கில் எங்கள் பகுதியிலேயே நின்று கொட்டித் தீர்த்தது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில், 50 செ.மீ., அளவுக்கு மழை. டிசம்பர், 2-ம் தேதி விடியற்காலை, சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு, 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையோரக் கிராமங்களில் வெள்ளம் புகுந்தது. விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே உள்ள பாலத்தில், தண்ணீர் அபாய அளவைத் தாண்ட, ரயில்களை நிறுத்தி விட்டனர். அரசூர் பக்கம் நெடுஞ்சாலையிலேயே தண்ணீர் ஓடியது. எங்கள் ரயில் பாதையும் அடைபட்டது; ரோடும் அடைபட்டது!

கரன்ட் இல்லை. போனில் இருக்கும் சார்ஜ் தீர்வதற்குள் பேசியாக வேண்டும். 'குட்மார்னிங் படம், சாமி படம் எதுவும் வேணாம். பேரு, ஊரு, என்ன தேவை... மூணு மட்டும் சொல்லுங்க' என்றார் டீச்சர். யார் வீட்டில் மாடி இருக்கிறது, யாரிடம் அரிசி இருக்கிறது, யார் வீட்டில் இன்சுலின் வைக்க ஐஸ் வேண்டும்... எல்லாம் அரை மணியில் தெரிந்து விட்டது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்த தையல்கார அக்காவின் குடும்பம், பக்கத்துத் தெருவில் இருந்த இன்னொரு தோழியின் மாடிக்குப் போனது. ஆறு வருஷமாகத் தினம் பேசுகிறவர்கள் என்றாலும், அன்று தான் அவர்கள் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் முதன்முதலாகக் காலடி வைத்தார்கள்!

ஏதோ ஓர் அணை உடைந்து விட்டதாக, அலறல் குரலில் ஒரு பதிவும் அன்று சுற்றியது. எங்கள் குழுவுக்குள் வந்ததும், அங்கன்வாடி அக்கா கேட்டார்: 'யாரு பாத்தது? எப்போ பாத்தது? எந்த இடம்?' மூன்றுக்கும் பதில் இல்லை. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை, 1077-க்குப் பேசி, அது பொய் என்று உறுதி செய்து கொண்டோம். பலமுறை பகிரப்பட்ட செய்திக்கு வாட்ஸ்ஆப்பே இரட்டை அம்புக்குறி போட்டுக் காட்டுகிறது. அதைப் பார்த்தாலே, நாங்கள் கை வைப்பதில்லை.

எங்கள் குழுவின் சட்டதிட்டம்

எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று நினைக்க வேண்டாம். தேர்தல் நேரத்தில், அரசியல் பேசி இரண்டு பேர் முகம் திருப்பிக் கொண்டனர். ஒருத்தி சொன்ன வீட்டு விஷயம் வெளியே போய், அவள் குழுவை விட்டே விலகி, பிறகு வீடு தேடிப் போய்ச் சமாதானம் செய்து அழைத்து வந்தோம். அப்புறம் தான் சில விஷயங்களைப் பேசி வைத்துக் கொண்டோம். உங்களுக்கும் உதவலாம்:

1. இங்கே சொன்னது இங்கேயே. புருஷனிடம் கூடக் காட்டக் கூடாது. படம் பிடித்து அனுப்பக் கூடாது.

2. ஜாதி, மதம், கட்சி வேண்டாம்.

3. ஒருத்தி அழும் போது, 'உனக்கு இது வேணும். நான் அப்பவே சொன்னேன்ல' என்ற வார்த்தை வரக் கூடாது. முதலில் கேட்கணும், அவள் கேட்டால் தான் யோசனை சொல்லணும்.

4. மருந்து, மாத்திரை பெயரை நர்ஸ் சிஸ்டரே சொல்ல மாட்டார். 'டாக்டரைப் பாரு' என்பார். நாமும் அவ்வளவு தான்.

5. கைமாற்று, சீட்டு, வியாபாரம் குழுவுக்குள் கிடையாது. உதவி என்றால், திருப்பிக் கேட்காத அளவுக்கு.

6. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், அவசரம் என்றால் மட்டும்.

7. இரண்டு நாள் சத்தமில்லை என்றால், போன் செய். மூன்றாம் நாள் நேரில் போ.

கடைசி சட்டம் தான் முக்கியம். போனிலேயே எல்லாம் முடிந்து விடாது. அதனால், வருஷத்துக்கு ஒரு தடவை புளிசோறு கட்டிக் கொண்டு, செஞ்சிக் கோட்டை அடிவாரம் வரை போய் வருகிறோம். மேலே ஏறுகிறோமோ இல்லையோ, வயிறு வலிக்கச் சிரித்து விட்டு வருவோம்!

நமக்குப் புதுசில்லை

'இதெல்லாம் போன் வந்த பிறகு வந்த நாகரிகம்' என்று நினைக்க வேண்டாம். ஐ.நா.,வின் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, 1989-ல் தர்மபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பித்தன. அடுத்த சில ஆண்டுகளில், அப்போதைய தென்னாற்காடு உட்பட, வேறு மாவட்டங்களுக்கும் வந்தன. மகளிர் திட்டமாகத் தமிழகம் முழுக்க விரிந்தது, 1990-களின் கடைசியில். பன்னிரண்டு முதல் இருபது பேர் வட்டமாக உட்கார்ந்து, சேமிப்பு, கடன் என்று கணக்குப் பார்ப்பார்கள். கணக்கு முடிந்த பிறகும், யாரும் எழுந்து போக மாட்டார்கள். என் அம்மாவும் அப்படி ஒரு குழுவில் இருந்தவர். 'பணம் சேர்ந்தது கொஞ்சம் தான்... மனசுல இருந்த பாரம் இறங்கினது நெறைய' என்பார்.

ஆப்பிரிக்காவில், ஜிம்பாப்வே என்று ஒரு நாடு. அங்கே மனநல மருத்துவர்கள் மிகவும் குறைவு. டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், 2006-ல் ஹராரே நகரில், பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார வைத்தார். மனசு சரியில்லாதவர்கள் வந்து, அந்தப் பாட்டியிடம் பேச வேண்டியது. 'நட்பு பெஞ்ச்' என்று அதற்குப் பெயர். அப்படிப் பேசியவர்களுக்கு, ஆறு மாதத்தில் மனச்சோர்வு நன்றாகக் குறைந்திருந்ததாக, 2016-ல் வெளியான ஆய்வு சொன்னது. நம் ஊர் திண்ணைப் பாட்டிகள் செய்த வேலை தானே இது!

உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாக, உலக சுகாதார நிறுவனம், 2025-ல் அறிக்கை வெளியிட்டது. அந்த ஆறில் ஒருத்தி, உங்கள் தெருவிலும் இருப்பாள். கணவன் வெளியூரில் இருக்க, கைக்குழந்தையோடு தனியாக இருப்பவளாக இருக்கலாம். பிள்ளைகளை எல்லாம் வெளிநாடு அனுப்பி விட்டு, டிவியோடு பேசிக் கொண்டிருக்கும் பெரியம்மாவாக இருக்கலாம்.

நட்பால் எல்லாம் தீர்ந்து விடும் என்று சொல்ல மாட்டேன். அடி, உதை என்றால், பெண்கள் உதவி எண், 181 இருக்கிறது. மனசு பாரத்துக்கு, அரசின் 'டெலி மானஸ்' எண், 14416, தமிழிலேயே பேசலாம். ஆனால், அந்த எண்ணை அழுத்தும் தைரியம் வருவதற்கு, பக்கத்தில், 'நானும் இருக்கேன், பேசு' என்று சொல்ல ஒருத்தி வேண்டுமே!

ஆகவே தோழியரே... 'எந்நேரமும் போன்ல என்ன பேச்சு?' என்று யாராவது கேட்டால், கோபப்படாதீர்கள். 'ஒருத்தருக்கொருத்தர் காவல் இருக்கோம்' என்று சிரித்துக் கொண்டே சொல்லுங்கள். வேலை கெடாமல், வீடு கெடாமல் பேசுங்கள். பேசிப் பல நாளான தோழி ஒருத்தி நினைவுக்கு வந்தால், இதைப் படித்து முடித்த கையோடு கூப்பிட்டு விடுங்கள். பேச விஷயம் ஒன்றும் வேண்டியதில்லை. 'சாப்டாச்சா?' என்று ஆரம்பியுங்கள். மற்றதெல்லாம் தானாக வரும்.

— ஒரு வாசகி, விழுப்புரம்.